30 மீட்டர் டவர், 4 செக்டர், சாயங்காலம் ஆனா நெட் இழுக்குது: ரேடியோவ மாத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இதுதான். ஊர் நடுவுல 30 மீட்டர் டவர் வச்சு ரேடியோ வழியா நெட் குடுக்கறீங்க, அதுல 5 கிகாஹெர்ட்ஸ்ல 90 டிகிரி செக்டர் (ஒரு பக்கத்த மட்டும் பாக்குற ஆன்டெனா) 4, எல்லாமே 40 மெகாஹெர்ட்ஸ் சேனல், சுத்தி 6 கிலோமீட்டருக்குள்ள வீடு, ஸ்கூல், ஒரு பேங்க் கிளைன்னு 110 கனெக்‌ஷன். பகல்ல நல்லா ஓடுது, சாயங்காலம் 7 மணிக்கு மேல எல்லாருக்கும் இழுக்குது, மழை பேஞ்சா சில வீடு விழுந்துடுது. புது மாடல் ரேடியோ போடலாமா, இல்ல 60 கிகாஹெர்ட்ஸுக்கே போயிடலாமா, லைசென்ஸ் எதுவும் வேணுமான்னு கேக்குறீங்க.

ரேடியோ இப்போதைக்கு மாத்தாதீங்க. நீங்க சொன்ன விவரத்துலயே பிரச்சனை தெரியுது, அது ரேடியோ மாடல் இல்ல. பாயின்ட் டு மல்டிபாயின்ட்ல, அதாவது ஒரு டவர் ரேடியோ பல வீட்டுக்கு குடுக்கற முறையில, நீங்க விக்கிறது எம்பிபிஎஸ் இல்ல, ஏர்டைம், அதாவது காத்துல பேசுற நேரம். இத மனசுல வச்சுகிட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

ஒரு ஏபி (டவர்ல செக்டருக்கு ஒன்னா இருக்கற ரேடியோ) ஒரு நேரத்துல ஒரு சிபிஇ (வாடிக்கையாளர் வீட்ல இருக்கற ரேடியோ) கூட தான் பேசும். 28 வீடு கனெக்ட் ஆகியிருந்தாலும் ஒரு வினாடிய 28 பேரும் பங்கு போட்டுக்கறாங்க, சமமா இல்ல, யாரு எவ்வளவு மெதுவா பேசுறாங்களோ அவங்க அவ்வளவு அதிகமா எடுத்துக்கறாங்க. 20 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு செயின் (ஒரே ரேடியோவுல ரெண்டு தனி சிக்னல் பாதை) ரேடியோ நல்ல சிக்னல்ல 64 க்வாம்ங்கற வேகமான முறையில 130 எம்பிபிஎஸ் லிங்க் ரேட் காட்டும், சிக்னல் கெட்டுப்போச்சுன்னா கடைசி படிக்கட்டுல 13 எம்பிபிஎஸ். ரெண்டு வீட்லயும் ஒரே 5 எம்பிபிஎஸ் வீடியோ ஓடுதுன்னு வைங்க. 130ல இருக்கறவர் ஏர்டைம்ல சுமார் 4 சதவீதம் எடுப்பார், 13ல இருக்கறவர் 38 சதவீதம். இது ஓவர்ஹெட், ரீட்ரை எதையும் சேக்காத கணக்கு, சேத்தா இன்னும் மோசம். அந்த மாதிரி மூணு வீடு ஒரே நேரத்துல வீடியோ போட்டா அந்த செக்டர் முடிஞ்சது, சிக்னல் அருமையா இருக்கற வீட்டுக்காரரும் உங்களுக்கு போன் பண்ணுவார். ரேஷன் கடையில ஒருத்தர் பில்லு போடறதுக்கே பத்து நிமிஷம் எடுத்தா பின்னாடி ரெடியா காசோட நிக்கறவரும் சேந்து தான் காத்துக் கெடக்கணும், அதே கதை. பகல்ல அந்த மூணு வீட்லயும் ஆள் இல்ல, அதனால தான் பகல்ல நல்லா ஓடுது.

அதனால முதல் வேலை, சாயங்காலம் 8 மணிக்கு ஒவ்வொரு ஏபியிலயும் ஸ்டேஷன் லிஸ்ட்ட திறந்து, லிங்க் ரேட் கம்மியா இருக்கறதுல இருந்து வரிசையா எழுதுங்க. டவுன்லிங்க் (டவர்ல இருந்து வீட்டுக்கு) ரேட், அப்லிங்க் (வீட்ல இருந்து டவருக்கு) ரேட் ரெண்டும் தனித்தனியா, ரெண்டு செயினோட சிக்னலும் தனித்தனியா. காலையில எடுத்த லிஸ்ட் உதவாது, பக்கத்து ஆபரேட்டரோட டிராஃபிக்கும் சாயங்காலம் தான் ஏறும், நாய்ஸும் (மத்த ரேடியோக்களோட இரைச்சல்) அப்பதான் வரும்.

அடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு சிக்னல் வரணும்னு கணக்கு போட்டு வைங்க, வர்ற சிக்னல அதோட ஒப்பிடுங்க. நிறைய பேர் -75 டிபிஎம் (சிக்னல் அளவு, பூஜ்யத்துக்கு கிட்ட வர வர பலம்) வந்தாலே "கனெக்ட் ஆயிடுச்சு"ன்னு இறங்கிடறாங்க, வரவேண்டியது -63ன்னு தெரிஞ்சிருந்தா இறங்கியிருக்க மாட்டாங்க. கணக்கு ஈசி தான். தூரம் கிலோமீட்டர்ல, ஃப்ரீக்வன்சி மெகாஹெர்ட்ஸ்ல, ரெண்டுக்கும் லாக் எடுத்து 20ஆல பெருக்கி கூட்டி, 32.44 சேத்தா காத்துல ஆகுற நஷ்டம் டிபியில (டெசிபல், சிக்னல் கூடுறது குறையறத சொல்ற அளவு) கிடைக்கும். 5 கிலோமீட்டர், 5800 மெகாஹெர்ட்ஸ்னா சுமார் 121.7 டிபி. ஏபியோட மொத்த பவர், ஆன்டெனா கெயினையும் (ஒரே திசையில குவிக்கறதால கிடைக்கற பலம்) சேத்து 36 டிபிஎம், வீட்ல 23 டிபிஐ கெயின் உள்ள டிஷ் இருக்கு. 36ல 121.7 கழிச்சு 23 கூட்டுங்க, -62.7 வருது. நிஜத்துல ரெண்டு மூணு டிபி குறையலாம். 8, 10 குறைஞ்சா ஏதோ தப்பு. 15 டிபிக்கு மேல குறைஞ்சா, வழியில மறைப்பு எதுவும் இல்லன்னா, அது பெரும்பாலும் சைட் லோப், அதாவது ஆன்டெனாவோட மெயின் பீமுக்கு பக்கத்துல கசியற பலவீனமான பீம்.

இந்த சைட் லோப் விஷயத்த கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா கெட்ட லிங்க்ல பெரிய பங்கு இதுதான். டிஷ்ஷ மெதுவா திருப்பிகிட்டே சிக்னல பாருங்க. -88, -84, -80, -79ன்னு ஏறும், அப்புறம் -83, -87ன்னு விழும். இதுதான் உச்சம்னு நெனச்சு ஆள் திரும்பி வந்து -79ல போல்ட்ட டைட் பண்ணிடுவார். அந்த பள்ளத்தயும் தாண்டி இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தா சடார்னு -70, -65, -63ன்னு வந்திருக்கும். முதல்ல வந்தது சைட் லோப், அப்புறம் வந்தது தான் மெயின் பீம். அதனால திருப்பும்போது ஒரு உச்சத்தோட நிறுத்தக் கூடாது, ரெண்டு பக்கமும் முழுசா விழுற வரைக்கும் கொண்டு போய்ட்டு திரும்ப நடுவுக்கு வரணும், முதல்ல இடது வலது, அப்புறம் மேல கீழ. ஒவ்வொரு தடவையும் கைய எடுத்துட்டு ரெண்டு மூணு வினாடி விடுங்க, ரேடியோ காட்டுற நம்பர் கொஞ்சம் லேட்டா தான் வரும். போல்ட் டைட் பண்ணும்போது டிஷ் நகரும், டைட் பண்ணினப்புறம் இன்னொரு தடவ நம்பர பாருங்க. ரெண்டு செயினுக்கும் வித்தியாசம் 3, 4 டிபிக்கு மேல இருந்தா வேலை முடியலன்னு அர்த்தம்.

இப்ப சேனல். இங்கதான் உங்க டிசைன்லயே கோளாறு. 5725ல இருந்து 5875 வரைக்கும் மொத்தம் 150 மெகாஹெர்ட்ஸ். நீங்க 4 செக்டருக்கும் 40 மெகாஹெர்ட்ஸ் குடுத்திருக்கீங்க, 160 ஆச்சு. இடமே பத்தல. இது போக பேக்ஹால் லிங்க்கும் (டவருக்கு நெட் கொண்டு வர்ற லிங்க்) அதே பேண்ட்ல தான் ஓடுதுன்னு சொல்றீங்க. அப்படின்னா உங்க டவர்லயே உங்க ரேடியோக்கள் ஒன்ன ஒன்னு மிதிச்சுகிட்டு இருக்கு, வெளி ஆபரேட்டர் யாரும் தேவையில்ல. ஒரு செக்டர் பேசும்போது பக்கத்துல ஒரு மீட்டர் தள்ளி இருக்கற இன்னொரு செக்டர் 5 கிலோமீட்டர் தூரத்துல இருந்து வர்ற -66 சிக்னல கேக்க முயற்சி பண்ணுது, காதுக்கு பக்கத்துல இவன் கத்துறான். அப்லிங்க் ரேட் மட்டும் தனியா அடி வாங்குதுன்னா சந்தேகமே வேணாம், இதுதான்.

எல்லா செக்டரையும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு கொண்டு வாங்க. "பாதியாயிடுமே"ன்னு பயப்படாதீங்க. அகலம் பாதியானா ரேடியோ கேக்குற நாய்ஸும் பாதி, அதே பவருக்கு 3 டிபி லாபம். அதோட சேனலுக்கு சேனல் இடைவெளி விட இடம் கிடைக்குது. 40ல அடிபட்டு கீழ் படிக்கட்டுல நிக்கற செக்டர் 20க்கு வந்ததும் மேல் படிக்கட்டுக்கு ஏறி, மொத்தமா அதிகமா குடுக்கறது சாதாரணமா நடக்குற விஷயம். பேக்ஹால 5725க்கு கீழ இருக்கற பேண்டுக்கு தள்ளிடுங்க, அங்க பெரும்பாலான சேனல்ல ரேடார் இருக்கான்னு பாத்துட்டு தான் ரேடியோ பேச ஆரம்பிக்கும், அதனால ரீபூட் ஆனா உடனே வராது, ஒரு நிமிஷம் கூட ஆகலாம், சில சேனல்ல பத்து நிமிஷம். பவர் லிமிட்டும் கம்மி. ஆனா பேக்ஹால் பாயின்ட் டு பாயின்ட் தானே, பெரிய டிஷ் போட்டு கேக்குற பக்கத்துல சமாளிச்சுக்கலாம்.

சேனல் தேர்வு பண்ணும்போது ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் ஏபி பக்கத்துல மட்டும் எடுக்காதீங்க. ஏபியில கேக்குற நாய்ஸ் அப்லோட கெடுக்கும், வீட்ல கேக்குற நாய்ஸ் டவுன்லோட கெடுக்கும், ரெண்டும் வேற வேற இடம், வேற வேற நாய்ஸ். ஒவ்வொரு செக்டர்லயும் தூரமா இருக்கற நாலஞ்சு வீட்ல இருந்தும் ஸ்கேன் எடுத்து, எல்லாத்துக்கும் சுமாரா ஒத்துவர்ற சேனல எடுங்க. ஸ்கேன் ஓடும்போது சில மாடல்ல லிங்க் அறுந்துடும், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு பண்ணுங்க.

இன்னொரு வழி ஜிபிஎஸ் சிங்க். டவர்ல இருக்கற எல்லா ஏபியும் ஒரே மைக்ரோசெகண்ட்ல பேசி, ஒரே மைக்ரோசெகண்ட்ல கேக்க ஆரம்பிச்சா ஒன்னு இன்னொன்ன மிதிக்காது, வடக்கையும் தெற்கையும் ஒரே சேனல்ல வைக்கலாம், கிழக்கையும் மேற்கையும் இன்னொரு சேனல்ல வைக்கலாம், 4 செக்டருக்கு 2 சேனல் போதும். மோட்டரோலாவோட கேனோபி ரேடியோ காலத்துல இருந்தே இது உண்டு, அந்த பிரிவு தான் 2011ல கேம்பியம்னு தனியா போச்சு. உங்க ஏபி மாடல்ல ஜிபிஎஸ் இருந்தா ஆன் பண்ணுங்க, ஆனா ஃப்ரேம் (ஒரு தடவ பேசி கேக்குற சுத்து) நீளமும் டவுன்லோட் அப்லோட் விகிதமும் எல்லா ஏபியிலயும் ஒன்னா இருக்கணும். ஒன்னுல 75க்கு 25, இன்னொன்னுல 50க்கு 50ன்னு விட்டா சிங்க் இருந்தும் பிரயோஜனம் இல்ல. முன்பக்கம் பின்பக்கம் நல்லா தடுக்கற செக்டர் ஆன்டெனாவும் வேணும்.

மைக்ரோடிக் கம்பெனி ரேடியோ போட்டிருந்தா ஒரு வார்த்தை: சாதாரண வைஃபை முறையில, அதாவது ஒவ்வொருத்தரும் காத கொடுத்து கேட்டுட்டு பேசுற முறையில, செக்டர ஓட்டாதீங்க. கிழக்கு ஓரத்து வீடும் மேற்கு ஓரத்து வீடும் ஒன்ன ஒன்னு கேக்கவே முடியாது, ரெண்டும் ஒரே நேரத்துல பேசி ஏபி கிட்ட மோதிக்கும். அதுல என்வி2ங்கற முறைய போடுங்க. யுபிக்விட்டி கம்பெனி ரேடியோன்னா ஏர்மேக்ஸ். முறை எதுவா இருந்தாலும் ஏபி தான் யார் எப்ப பேசணும்னு நேரம் பிரிச்சு குடுக்கணும். அப்படியே ஏபியில தூரம் செட்டிங் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க, ரொம்ப தூரமா இருக்கற வீட்ட விட கொஞ்சம் கூட இருக்கணும், அவ்வளவு தான். போய்ட்டு வர கிலோமீட்டருக்கு சுமார் 6.7 மைக்ரோசெகண்ட் ஆகுது, கம்மியா வச்சா தூரத்து வீட்டோட பதில் வர்றதுக்குள்ள ஏபி "வரல"ன்னு முடிவு பண்ணிடும், 30 கிலோமீட்டர்னு வச்சா எல்லாருக்கும் சும்மா காத்துக் கெடக்குற நேரம் போகும்.

டில்ட் (ஆன்டெனாவ கீழ குனிச்சு வைக்கறது) பத்தி நீங்க கேக்கல, ஆனா நீங்க அனுப்பின போட்டோவ பாத்தா செக்டர் எல்லாம் நல்லா குனிஞ்சு நிக்குது. 30 மீட்டர் உயரத்துல இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கற வீட்ட பாக்க வேண்டிய கோணம் 0.6 டிகிரி கூட இல்ல, அர கிலோமீட்டர்ல இருக்கற வீட்டுக்கே 3.4 டிகிரி தான். சில செக்டர்ல உள்ளயே 2, 4 டிகிரி டில்ட் வச்சு தான் வருது, டேட்டாஷீட்ல பாருங்க. அது தெரியாம நீங்க வெளியில இன்னொரு 4 டிகிரி குனிச்சா மொத்தம் 8 டிகிரி ஆச்சு, பீம் டவர்ல இருந்து 213 மீட்டர்லயே தரையில குத்திடும், 5 கிலோமீட்டர் வீடு எல்லாம் பீமோட மேல் விளிம்புல தொங்கிகிட்டு இருக்கும். செக்டர்ல இருக்கற தூரத்து வீடுங்க எல்லாமே ஒரே அளவு கணக்குக்கு கீழ வருதுன்னா டில்ட்ட நிமித்துங்க.

மழைக்கு வருவோம். 5 கிகாஹெர்ட்ஸ்ல மழைத்துளியே சிக்னல பெருசா ஒன்னும் பண்ணாது, 5 கிலோமீட்டருக்கு பேய் மழைன்னாலும் சில டிபி தான். அப்ப ஏன் விழுதுன்னா மூணு காரணம், மூணுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கு.

மழை பெய்யும்போது சிக்னல் ஆடிகிட்டே விழுது, காத்தடிச்சா இன்னும் ஆடுது, வெயில் வந்து இலை காஞ்சதும் பழையபடி வருதுன்னா நடுவுல மரம். நம்ம பக்கம் தென்னந்தோப்பு தான் முக்கால்வாசி இடத்துல வில்லன். 5 கிலோமீட்டர் லிங்க்ல நடுவுல சிக்னலுக்கு தேவையான இடம், அத ஃப்ரெனல் சோன்னு சொல்வாங்க, ஆரம் 8 மீட்டர், அதுல 60 சதவீதம், அதாவது 4.8 மீட்டராவது சுத்தமா இருக்கணும். டவர் 30 மீட்டர், வீட்டு மாடியில பைப் வச்சு 8 மீட்டர்னா, வீட்ல இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி சிக்னல் போற உயரம் 12.4 மீட்டர் தான். வளந்த தென்ன அதுக்கு மேல நிக்கும். காஞ்ச ஓலைக்குள்ள எப்படியோ பூந்து வந்துகிட்டு இருந்த சிக்னல், ஓலை நனைஞ்சதும் நின்னுடுது. நீங்க லிங்க் போட்டப்ப சின்னதா இருந்த கண்ணு மூணு நாலு வருஷத்துல எழும்பியிருக்கும், அதையும் மறக்காதீங்க. இதுக்கு செட்டிங் எதுவும் மருந்து இல்ல. பைப்ப உயரமாக்கணும், இல்ல வேற ஒரு மாடியில சின்ன ரிலே வைக்கணும், ரெண்டும் முடியலன்னா அந்த கனெக்‌ஷன விட்டுடணும். ஒரு கனெக்‌ஷன் காசுக்காக ஒரு செக்டரயே கெடுத்துக்காதீங்க, இது நான் ரொம்ப அழுத்தமா சொல்றது.

மழை நின்னு ரெண்டு நாள் ஆகியும் சிக்னல் ஏறவே இல்ல, அதுலயும் ஒரு செயின் மட்டும் இறங்கி நிக்குதுன்னா கனெக்டர்ல தண்ணி. அந்த செக்டர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் அதே செயின் இறங்கியிருந்தா டவர்ல ரேடியோவுக்கும் செக்டர் ஆன்டெனாவுக்கும் நடுவுல போற சின்ன கேபிள்ல, ஒரே ஒரு வீட்டுக்குன்னா அந்த வீட்ல. டவர் ஏறதுக்கு முன்னாடியே எந்த கனெக்டர்னு தெரிஞ்சுடும், அதுக்காகத்தான் ரெண்டு செயினையும் தனித்தனியா எழுத சொன்னேன். கழட்டி காய வச்சு திரும்ப போட்டா போதாது, புது கேபிள் போட்டு, இழுத்தா தன்னோட தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்ப கீழ இருந்து மேல சுத்தி, அதுக்கு மேல சாதாரண டேப் சுத்துங்க.

சிக்னல் அப்படியே இருக்கு, ஆனா நெட் வரல, ஈதர்நெட் போர்ட் 100ல இருந்து 10க்கு இறங்கி இருக்கு இல்ல எர்ரர் எண்ணிக்கை ஏறிகிட்டே இருக்குன்னா ஆர்ஜே45ல (ஈதர்நெட் கேபிளோட பிளக்) தண்ணி போயிருக்கு. கேபிள் ரேடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்குற மாதிரி விடுங்க, தண்ணி அங்கயே சொட்டிடும். சந்தையில விலை கம்மியா கிடைக்கற அலுமினியத்துல செம்பு முலாம் பூசின கேபிள வாங்காதீங்க, ஈரம் பட்டா உள்ளுக்குள்ள பொடியா போகும், ரெசிஸ்டன்ஸ் அதிகம்ங்கறதால 24 வோல்ட் பிஓஇ (அதே ஈதர்நெட் கேபிள்ல போற கரண்ட்) 50, 60 மீட்டர் போறதுக்குள்ள மெலிஞ்சுடும், ரேடியோ பாரம் ஏறும்போது மட்டும் ரீபூட் ஆகும். இத பாத்து ரேடியோவே ரிப்பேர்னு தூக்கிப்போட்டவங்க நிறைய.

கரண்ட் பத்தி இங்கயே சொல்லிடறேன். தேனியில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி சுத்தி இருக்கற கிராமத்து கண் பரிசோதனை மையங்கள வைஃபை ரேடியோவுல இணைச்சு, டாக்டர் தேனியில உக்காந்து வீடியோவுல நோயாளிய பாக்குற மாதிரி பண்ணாங்க, 2000கள்ல பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கூட சேந்து. தூரமான லிங்க்ல சாதாரண வைஃபை முறை சரிப்படாதுன்னு நேரம் பிரிச்சு பேசுற முறைய அவங்க தனியா எழுதினாங்க. ஆனா வருஷக்கணக்குல ஓட்டிப் பாத்ததுல அவங்களுக்கு பெரிய தலைவலியா இருந்தது ரேடியோ இல்ல, கரண்ட். வோல்டேஜ் எகிறுறது, விழுறது, பேட்டரி முழுசா வடிஞ்சு பாதி வோல்டேஜ்ல ரூட்டர் உறைஞ்சு நிக்கறது. அதனால பேட்டரி ஒரு அளவுக்கு கீழ போனா மொத்தமா துண்டிக்கற சர்க்யூட் வச்சாங்க. நீங்களும் வைங்க. டவர்ல ஏபிக்கு கேபிளோட மேல் முனையில ஒன்னு, கீழ் முனையில ஒன்னுன்னு சர்ஜ் அரெஸ்டர் (திடீர்னு எகிறுற வோல்டேஜ எர்த்துக்கு திருப்புறது), ஷீல்டு உள்ள கேபிள், ரெண்டும் ஒரே எர்த்ல சேரணும். டவருக்கு ஒரு எர்த், ரேக்குக்கு தனியா ஒரு எர்த்னு வச்சா இடி பக்கத்துல விழும்போது ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற வோல்டேஜ் வித்தியாசம் உங்க ஈதர்நெட் போர்ட் வழியா தான் போகும். சித்திரை வைகாசி இடிக்கு முன்னாடி இத முடிச்சுடுங்க.

அடுத்து ஸ்பீடு லிமிட்ட எங்க போடறீங்கங்கறது. சிபிஇயில டவுன்லோட் லிமிட் போட்டிருக்கீங்கன்னு சொன்னீங்க, அது வேணாம். பாக்கெட் டவர்ல இருந்து காத்துல பறந்து வீட்டுக்கு வந்து சேந்தப்புறம் அங்க தூக்கிப்போட்டா, செலவான ஏர்டைம் செலவானது தான். டவுன்லோட் லிமிட் டவருக்கு முன்னாடி, உங்க மெயின் ரூட்டர்ல. அப்லோட் லிமிட் சிபிஇயில. எந்த பக்கம் போனாலும் காத்துல ஏறதுக்கு முன்னாடியே கட்டுப்படுத்தணும். அதோட ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு மொத்த லிமிட்டும் வைங்க, அந்த செக்டர் சாயங்காலம் நிஜமா குடுக்கறதுல ஒரு 85, 90 சதவீதம். 110 எம்பிபிஎஸ் குடுக்கற செக்டருக்கு 95. அப்ப நெரிசல் ரேடியோவுக்குள்ள ஆகாது, உங்க ரூட்டர்ல ஆகும், அங்க ஃபேர் க்யூ போட்டு எல்லாருக்கும் நியாயமா பிரிக்கலாம், மைக்ரோடிக்கோட ரவுட்டர்ஓஎஸ் 7ல அதுக்குன்னே எஃப்க்யூ கோடெல், கேக் ரெண்டும் இருக்கு. ரேடியோவுக்குள்ள நெரிஞ்சா பிங் (பதில் வர ஆகுற நேரம்) 500, 600 மில்லி செகண்ட்னு போகும், பேங்க்காரங்க தான் முதல்ல கத்துவாங்க.

இப்ப நிர்வாகம். எல்லா சிபிஇயும் பிரிட்ஜ் மோட்ல (வர்றத அப்படியே கடத்துற முறை), ஒரே நெட்வொர்க்ல, மேனேஜ்மென்ட் ஐபியும் (ரேடியோ செட்டிங்க திறக்கற முகவரி) அதே நெட்வொர்க்லன்னு வச்சிருந்தா சீக்கிரம் பிரிங்க. யாராவது வீட்ல வைஃபை ரூட்டரோட லேன் போர்ட்ல உங்க கேபிள சொருகிட்டா அந்த ரூட்டர் தெரு முழுக்க ஐபி குடுக்க ஆரம்பிச்சுடும். சிபிஇய ரூட்டர் மோட்ல வச்சு பிபிபிஓஇ (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி லாகின்) போட்டீங்கன்னா இந்த தொல்லை சிபிஇயோட நின்னுடும், எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1492ங்கறத மட்டும் கவனிங்க. பிரிட்ஜ் தான் வேணும்னா ஏபியில கிளையன்ட் ஐசொலேஷன் (ஒரு வீடு இன்னொரு வீட்டோட நேரா பேசாம தடுக்கறது) ஆன் பண்ணி, வீட்டுப் பக்கத்துல இருந்து வர்ற டிஹெச்சிபி (ஐபி குடுக்கற) பதில பிளாக் பண்ணுங்க. மேனேஜ்மென்ட்டுக்கு தனி விலேன் (அதே கேபிள்ல பிரிச்சு வச்ச தனி நெட்வொர்க்), அது வீட்டுப் போர்ட்ல தெரியவே கூடாது.

ரேடியோவோட வெப் பேஜ் இன்டர்நெட்ல திறந்து இருக்கவே கூடாது. 2016 மே மாசம் பழைய ஏர்ஓஎஸ் சாஃப்ட்வேர் ஓடின யுபிக்விட்டி ரேடியோக்கள்ல ஒரு வார்ம் (வைரஸ் மாதிரி ஒரு புரோகிராம்) தானா பரவி, பல நாட்ல ஆபரேட்டர்கள் டவர் டவரா ஏறவேண்டி வந்துச்சு. அந்த ஓட்டைக்கு ஒட்டு (பேட்ச்) 2015லயே வந்துடுச்சு, போடாதவங்க தான் மாட்டினாங்க. 2018ல மைக்ரோடிக் ரூட்டர நிர்வகிக்கற வின்பாக்ஸ்ல இருந்த ஓட்டையும் அதே மாதிரி, ஏப்ரல்ல ஒட்டு வந்தும் மாசக்கணக்கா போடாத ரூட்டர்கள்ல காயின் மைனிங் புகுத்தினாங்க. டிஃபால்ட் பாஸ்வேர்ட் மாத்துறது சொல்லவே தேவையில்ல, ஆனா உங்க ஆள் எல்லா சிபிஇக்கும் போட்டிருக்கற அந்த ஒரே பாஸ்வேர்ட் வேலைய விட்டுப் போனவருக்கும் தெரியும்ங்கறதயும் யோசிங்க.

தூரத்துல இருந்து செட்டிங் மாத்தும்போது வரிசை முக்கியம். எஸ்எஸ்ஐடி (நெட்வொர்க் பேர்), பாஸ்வேர்ட், ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) எதுவா இருந்தாலும் தூர முனைய முதல்ல மாத்தணும், சிபிஇ எல்லாம் முடிஞ்சப்புறம் தான் ஏபி. சேனல் மட்டும் ஏபியில மாத்தினா போதும், சிபிஇ தேடி வந்து ஒட்டிக்கும், ஆனா சிபிஇயில ஸ்கேன் லிஸ்ட்ல குறிப்பிட்ட சேனல் மட்டும் போட்டு வச்சிருந்தா வராது, நீங்க 20க்கு மாறதுக்கு முன்னாடி 110 சிபிஇயிலயும் அந்த லிஸ்ட்ட பாத்துடுங்க, சேனல் அகலத்த தானா புடிச்சுக்காத மாடலா இருந்தா அதையும். ஏர்ஓஎஸ்ல டெஸ்ட் பட்டன், மைக்ரோடிக்ல சேஃப் மோட், ரெண்டும் லிங்க் அறுந்தா பழைய செட்டிங்குக்கே திரும்பிடும், அது இல்லாம தூரத்து ரேடியோவ தொடாதீங்க. ஃபர்ம்வேர் முதல்ல உங்க ஆஃபீஸ்ல ஒரு ஜோடியில, அப்புறம் ஒரு செக்டர்ல ரெண்டு வீட்ல, ஒரு வாரம் ஓடினப்புறம் மத்ததுல.

எஸ்என்எம்பி (ரேடியோ தன் நிலவரத்த சொல்ற முறை) ஆன் பண்ணி லிப்ரிஎன்எம்எஸ் மாதிரி இலவசமா கிடைக்கற கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்னுல ஒவ்வொரு சிபிஇயோட சிக்னல், ரெண்டு பக்க ரேட், ஈதர்நெட் எர்ரர் மூணையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சேத்து வைங்க. மழைக்கு அப்புறம் எந்த வீட்டுக்கு ஏறல, எந்த தோப்பு வருஷத்துக்கு ரெண்டு டிபியா தின்னுகிட்டு வருதுன்னு அந்த கிராஃப் தான் சொல்லும், வாடிக்கையாளர் போன் பண்றதுக்கு முன்னாடியே நீங்க போய் நிக்கலாம். புது கனெக்‌ஷன் போடும்போது கணக்குப்படி வரவேண்டிய சிக்னல், வந்த சிக்னல், டிஷ்ஷுக்கு பின்னாடி நின்னு டவர் பக்கம் எடுத்த ஒரு போட்டோ, மூணும் ஃபைல்ல ஏறணும். கணக்குக்கும் நிஜத்துக்கும் 6 டிபிக்கு மேல வித்தியாசம் இருந்தா இன்ஸ்டாலர் மாடிய விட்டு இறங்கக் கூடாதுன்னு ஒரு விதி போடுங்க.

60 கிகாஹெர்ட்ஸ் கேட்டீங்க. அங்க காத்துல இருக்கற ஆக்ஸிஜனே கிலோமீட்டருக்கு 15 டிபி வரைக்கும் சாப்பிடும், மேல மழை வேற, அங்க மழை நிஜமாவே அடிக்கும். டவர சுத்தி சில நூறு மீட்டருக்குள்ள நேரா தெரியற கடைத்தெருவுக்கு அது அருமையான சாமான், உங்க 5, 6 கிலோமீட்டர் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

லைசென்ஸ் விஷயம் ரெண்டு தனித்தனி. அலைவரிசைக்கு, 2018 அக்டோபர்ல மத்திய அரசு 5150-5350, 5470-5725, 5725-5875ன்னு மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் தேவையில்லன்னு அறிவிச்சாங்க, ஆனா பவர் லிமிட்டோட. 5725க்கு மேல ஆன்டெனா கெயினையும் சேத்து 36 டிபிஎம். 20 டிபிஐ செக்டர்னா ரேடியோ பவர் 16க்கு மேல போகக் கூடாது, உங்க ஸ்க்ரீன்ஷாட்ல 27ன்னு இருக்கு, கன்ட்ரி கோட்ட இந்தியான்னு வச்சு ஆன்டெனா கெயின சரியா குடுத்தா ரேடியோவே குறைச்சுக்கும். குறைச்சா உங்க பக்கத்து செக்டருக்கும் நிம்மதி. ரேடியோ மாடலுக்கு டபிள்யூபிசி (அலைவரிசைய நிர்வகிக்கற மத்திய அரசு பிரிவு) ஒப்புதல் இருக்கான்னு வாங்குற கடையில கேளுங்க. இந்த அறிவிப்புல 60 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, 5க்கு இருக்கற விலக்கு அதுக்கும் உண்டுன்னு யாராவது சொன்னா நம்பி வாங்கிடாதீங்க. அலைவரிசை இலவசம்ங்கறதுக்காக இன்டர்நெட்ட காசுக்கு விக்க அனுமதி வேணாம்னு ஆகாது, அதுக்கு டாட் (மத்திய தொலைத்தொடர்புத் துறை) கிட்ட ஐஎஸ்பி (இன்டர்நெட் சேவை குடுக்கறவர்) லைசென்ஸ் நீங்களே வாங்கணும், இல்ல லைசென்ஸ் இருக்கற கம்பெனியோட முறையா ஒப்பந்தம் போட்டு அவங்க பேர்ல நடத்தணும். பேங்க் கிளை உங்க வாடிக்கையாளர்னு சொல்றீங்க, அந்த ஒப்பந்தக் காகிதத்த அவங்க கேக்குறதுக்கு முன்னாடி கையில வச்சுக்கோங்க.